ஒன்பது மணிக்கு இங்கே, பத்து மணிக்கு அங்கே

ஒக்கோ ஹைக்கென் வீட்டுச் சமையலறையில் இரண்டு கடிகாரங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. இடதுபக்கம் இருப்பது நம் ஜெர்மனி நேரம். வலதுபக்கம் இருப்பது ஒரு மணி நேரம் முந்தி ஓடும். அது ஹாலந்து நேரம். கோடை வந்தால் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிவைக்கும் பழக்கத்தை அந்தப் பக்கத்துக்காரர்கள் 1977-ல் ஆரம்பித்தார்கள். நம் பக்கத்துக்கு அது வர இன்னும் மூன்று வருடம் பிடித்தது. இடையில் எங்கள் டீட்டர்ஸீல் ஊரில் கல்யாணத்துக்கு முந்திப் போனவர்களும் உண்டு, சாவுக்குப் பிந்திப் போனவர்களும் உண்டு. அதனால்தான் எல்லையோர வீடுகளில் இரண்டு கடிகாரம்.

ஒக்கோவின் மனைவி ஃபென்னாவுக்கு அந்த இரண்டாவது கடிகாரத்தைக் கண்டாலே ஆகாது. "ஒரு வீட்டுல ரெண்டு நேரம் இருந்தா ஒண்ணுலயாவது சாப்பாடு லேட்டாத்தான் ஆகும்" என்பாள். ஆனால் கழற்றச் சொன்னதில்லை. அது ஏன் அங்கே தொங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். அக்கரையில் ரூல்ஃபீன் இருந்தாள்.

தப்பாக நினைக்க வேண்டாம். விஷயம் காப்பியில் ஆரம்பித்தது.

ஒக்கோ சுங்கக்காரர். டொலார்ட் விரிகுடாவின் அணைக்கரை மேல் முப்பது வருடம் நடந்தவர். அந்தத் தண்ணீருக்குள் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று இரண்டு அரசுகளும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. அதைப் பற்றிக் கடலின் ஓதம் கவலைப்படாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி எல்லாவற்றையும் மூடும், இரண்டு தடவை வற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சேறாக விட்டுப்போகும். உலகப் போர் முடிந்த பிறகு வந்த அந்த வருடங்களில் நம் பக்கம் காப்பிக்கு வரி தலைக்கு மேல் ஏறியது. அந்தச் சேற்றைக் கடந்து காப்பிக்கொட்டை வரும். ஒக்கோவின் வேலை, தொலைநோக்கியை வைத்துக்கொண்டு கரையில் படுத்துக் கிடப்பது.

1951 செப்டம்பரில் ஒரு விடியற்காலை. மூடுபனி. தொலைநோக்கியில் எதுவும் தெரியவில்லை. ஆனால் மூடுபனிக்குள்ளிருந்து பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின. முதலில் தூரத்தில் ஒரு கூட்டம். கொஞ்ச நேரம் கழித்து அதற்கு இப்பால் ஒரு கூட்டம். பிறகு இன்னும் இப்பால். ஒக்கோ எழுந்து, பறவைகள் போட்ட கோடு கரையில் எங்கே வந்து முட்டும் என்று பார்த்து, அந்த இடத்தில் போய் நின்றுகொண்டார். கால்மணி நேரத்தில் முட்டி வரை சேறும், எட்டு மாதக் கர்ப்பிணியின் வயிறுமாக ஒரு பெண் கரையேறினாள்.

"எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார் ஒக்கோ.

"எட்டு" என்றாள் அவள்.

"மாசமா, கிலோவா?"

எட்டு கிலோ காப்பிக்கொட்டை. கையும் களவுமாகப் பிடிபட்ட ரூல்ஃபீனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "யாரு காட்டிக் கொடுத்தது? எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"கோணமூக்கு உள்ளான்" என்றார் ஒக்கோ.

அது ஒரு நீர்ப்பறவை. கறுப்பும் வெள்ளையுமாக, நெடுங்காலோடு, நுனி மேல்நோக்கி வளைந்த ஊசி அலகோடு இருக்கும். சேற்றின் மேல் அலகை இடமும் வலமும் கூட்டுமாற்றால் பெருக்குவது போல வீசி மேயும். இந்த விரிகுடாவின் சேறு அளவுக்கு அதற்குப் பிடித்தது வேறெங்கும் இல்லை. கோடை முடிகையில் ஆயிரக்கணக்கில் வந்து இறகு உதிர்த்து, புது இறகு முளைத்த பிறகுதான் தெற்கே போகும்.

அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போன ரூல்ஃபீன், தன்னைக் காட்டிக்கொடுத்த ஜென்மங்களின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தொலைநோக்கி வாங்கினாள். வன்மத்தில் ஆரம்பித்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கேள்விகள் வந்தன. இவை எங்கே தூங்குகின்றன? ஏன் இந்த ஓடையில் மேய்கின்றன, அந்த ஓடையில் மேய்வதில்லை? குளிர்காலத்தில் எங்கே தொலைகின்றன? அக்கரையில் இதையெல்லாம் கேட்க ஆளில்லை. பிடித்தவனிடமே கேட்போம் என்று ஒருநாள் எல்லைச் சாவடிக்கு சைக்கிளில் வந்து இறங்கினாள். சாவடியில் இருந்தவர்கள் அவளை உடனே சோதனை போட்டார்கள். பையில் ஒரு நோட்டுப் புத்தகம்தான் இருந்தது.

அன்றிலிருந்து இருபத்தேழு வருடப் பழக்கம். அவள் அவரை "ஏட்டையா" என்பாள். அவர் அவளைக் "காப்பிக்காரி" என்பார். அவள் ஓம்மெர்வால்ட் ஊரில் ரொட்டிக்கடையில் வேலை பார்த்தாள். அவர் இங்கே அணைக்கரையில் நடந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை, பெரிய ஓதத்தன்று, அவள் அந்தக் கரையிலும் அவர் இந்தக் கரையிலும் நின்று பறவைகளை எண்ணுவார்கள். எப்போது எண்ணுவது என்பதற்குக் கடிகாரமே தேவைப்பட்டதில்லை. சேற்றின் நடுவில் பழைய மரக்குச்சிவேலி ஒன்று உண்டு, இரண்டு கரையிலிருந்தும் தெரியும். தண்ணீர் அதன் தலையைத் தொட்டதும் இருவரும் எண்ணத் தொடங்குவார்கள். அவரவர் கணக்கை அவரவர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், இரண்டையும் கூட்டிப் பார்த்ததில்லை.

ஒக்கோவுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தானே செய்த சேற்றுச்சறுக்குப் பலகையில் ஒரு முட்டியை வைத்து, மறுகாலால் உதைத்துக்கொண்டு ஓடை வரை போவார். ஐம்பத்தேழு வயது ஆள் சேற்றில் சறுக்கிக்கொண்டு, வாயால் ரயில் மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் கரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஓடையில் குளிப்பார். பிறகு சேற்றில் காதை வைத்துப் படுத்துக்கொள்வார். வெயில் நாளில் அந்தச் சேறு சடசடவென்று மெல்லப் பொரியும். வளைக்குள் இருக்கும் பொடி இறால்கள் செய்யும் வேலை. எத்தனை இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒருநாள் ஃபென்னாவின் ரோஜாப்பூப் போட்ட தேநீர்ச் சாஸரை எடுத்துப்போய், சேற்றில் கவிழ்த்து அழுத்தி, அந்த வட்டத்துக்குள் இருந்த வளைகளை எண்ணினார். முந்நூற்றுப் பன்னிரண்டு.

"என் சாஸரு எங்க?" என்றாள் ஃபென்னா.

"அதுக்குள்ள முந்நூத்திப் பன்னெண்டு குடித்தனம் இருக்கு."

"என் மகராசனோட இறால் குடித்தனத்துக்காக நான் இனி கிண்ணத்தை ஏந்திக்கிட்டே டீ குடிக்கணுமா?"

அதே சாஸரை அவர் அக்கரைக்கும் கொண்டுபோனார். எல்லைச் சாவடியில் "பழைய சாஸர், ஒன்று, சொந்த உபயோகம்" என்று முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், அவர் அப்படிப்பட்டவர். அங்கே ரூல்ஃபீன் நிற்கும் பக்கம் கரையை ஒட்டி அகலமான உப்புப் புல்வெளி, மேடான இறுகிய மண். சாஸருக்கு ஒன்பது வளைதான் தேறியது. ஒக்கோ அதையும் குறித்துவைத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

1978 கோடையில் நகரத்துத் துறைமுகக்காரர்கள் ஒரு வரைபடத்தை விரித்தார்கள். நம் பக்கத்துச் சேற்றைத் தோண்டி, பெரிய கப்பல்கள் திரும்புவதற்கு ஒரு குளம் வெட்டப் போகிறார்களாம். தோண்டிய மண்ணை மிச்சமிருக்கும் சேற்றின் மேலேயே கொட்டுவார்களாம். ஒக்கோ அந்தப் படத்தைப் பார்த்தபோது அதில் அவருடைய ஓடை, சறுக்குப்பாதை, மரக்குச்சிவேலி எல்லாம் ஒரே நீலக் கட்டத்துக்குள் போயிருந்தன. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை என்று ஃபென்னா பிறகு சொன்னாள்.

இரண்டு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஒரு குழு போட்டார்கள். குளம் வெட்டலாமா கூடாதா என்று அவர்கள் சொல்ல வேண்டும். அங்கே பறவை எவ்வளவு இருக்கிறது என்று முதலில் தெரியட்டும், உள்ளூரில் எண்ணுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். ஊர் முழுக்க ஒக்கோவைக் காட்டியது. அக்கரை ரூல்ஃபீனைக் காட்டியது. இருவருக்கும் ஒரு படிவம் வந்தது.

இந்தப் படிவம் செய்கிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, இப்போது வேண்டாம். படிவத்தில் "நேரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. மரக்குச்சிவேலியின் தலையைத் தண்ணீர் தொடும்போது என்று அதில் எழுத முடியாது. ஆகவே அதிகாரிகளே அச்சடித்து அனுப்பிவிட்டார்கள்: செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை, காலை 10:00.

எந்தப் பத்து மணி? வேறு ஊர்க்காரனாக இருந்தால் தன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்பான். ஒக்கோ எல்லையோரத்துக்காரர். நம் பக்கத்து வசதிக்காக அக்கரைக்காரியை நேரம் மாற்றிக்கொள்ளச் சொல்வது மரியாதையா என்று யோசித்தார். வலதுபக்கக் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பத்து அடிக்கும்போது, அதாவது நமக்கு ஒன்பது மணிக்கு, கரையில் நின்று எண்ணினார். கோணமூக்கு உள்ளான் ஆறாயிரத்து நூற்று நாற்பது. எண்ணி முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. தொலைநோக்கியை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூன்று கிண்ணம் தேநீர் குடித்தார்.

அக்கரையில் ரூல்ஃபீனும் எல்லையோரத்துக்காரிதான். வயசான ஏட்டையாவைத் தன் நேரத்துக்கு ஆட்டிவைக்கக்கூடாது என்று அவளும் யோசித்தாள். அவள் அடுப்படியிலும் இரண்டு கடிகாரம் இருந்தது. அவள் ஜெர்மனி நேரம் காட்டும் கடிகாரத்தைப் பார்த்து, நம் பத்து மணிக்கு, மழை விட்டதும் எண்ணினாள். ஆறாயிரத்து எண்பத்தைந்து.

பன்னிரண்டாயிரத்து இருநூற்று இருபத்தைந்து என்று பத்திரிகையில் வந்தது. டீட்டர்ஸீல் சாராயக்கடையில் ஒக்கோவை நாற்காலி மேல் ஏற்றிவைத்தார்கள். பன்னிரண்டாயிரம் பறவையை எவன் மண்ணைக் கொட்டி மூடுவான்? அவரே அதை நம்பினார். பத்து நாள் நன்றாகத் தூங்கினார்.

குழு கூடுவதற்கு இரண்டு நாள் முன்னால் இரண்டு படிவங்களின் நகலும் தபாலில் வந்தன. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒக்கோ தன் படிவத்தின் கீழே இருந்த "குறிப்பு" கட்டத்தைப் படித்தார். அவர் எழுதியது: "ஒரு பறவைக்கு அலகு பாதியில் ஒடிந்திருக்கிறது. இருந்தாலும் மேய்கிறது." பிறகு ரூல்ஃபீனின் படிவம்: "கூட்டத்தின் ஓரத்தில் அலகு பாதி ஒடிந்த பறவை ஒன்று. தூங்குகிறது."

அவர் இரண்டையும் இன்னொரு முறை படித்தார். பிறகு சுவரைப் பார்த்தார். இடது கடிகாரம். வலது கடிகாரம்.

"ஃபென்னா, அந்தச் சனிக்கிழமை நான் எத்தன மணிக்கு வெளிய போனேன்?"

"ஒம்பதுக்கு முன்னாடி. எதுக்கு?"

"எந்த ஒம்பது?"

"அய்யோ, ஆரம்பிச்சிட்டீங்களா. எனக்கு ஒரே ஒம்பதுதான். நம்ம ஒம்பது."

ஒக்கோவுக்கு விளங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு இங்கே மேய்ந்தவை, தண்ணீர் ஏறி விரட்ட விரட்ட, மழைக்குள் பறந்து அக்கரைப் புல்வெளியில் போய் இறங்கியிருக்கின்றன. பத்து மணிக்கு அவள் அவற்றையே எண்ணியிருக்கிறாள். பன்னிரண்டாயிரம் இல்லை. ஆறாயிரம்தான். ஒரே சரக்கை இரண்டு சாவடியில் கணக்குக் காட்டுவது ஒரு பழைய கள்ளத்தனம். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே அரசாங்கம் அவருக்கு முப்பது வருடம் சம்பளம் கொடுத்தது. அதை இப்போது அவரே செய்திருக்கிறார், அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்த கதை.

சைக்கிளை எடுத்துக்கொண்டு எல்லைச்சாலை வழியாகப் பதினான்கு கிலோமீட்டர் மிதித்து ஓம்மெர்வால்ட் ரொட்டிக்கடைக்குப் பின்புறம் போய் நின்றார். ரூல்ஃபீன் கையெல்லாம் மாவோடு வந்தாள்.

"என்ன ஏட்டையா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு? உக்காருங்க. காப்பி குடிங்க, பயப்படாதீங்க, வரி கட்டினதுதான்."

அவர் இரண்டு தாளையும் நீட்டினார். அவள் குறிப்பைப் படித்தாள். அவளும் உடனே கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

"அடக் கடவுளே," என்றாள். "நீங்க எங்க நேரத்துக்குப் போனீங்களா?"

"நீ எங்க நேரத்துக்குப் போனியா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாவுக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வாழ்க்கைல ஒரே ஒரு தடவ உங்களுக்கு மரியாத குடுத்தேன் ஏட்டையா. பாருங்க என்ன ஆச்சுன்னு."

"சிரிக்காத. நாளன்னிக்குக் குழு கூடுது. நான் சொல்லப்போறேன்."

சிரிப்பு நின்றது. "என்னன்னு?"

"ஆறாயிரம்தான்னு."

"பைத்தியமா உங்களுக்கு? பன்னெண்டாயிரத்துக்கே அந்த இன்ஜினியர் மொகத்தச் சுளிச்சிக்கிட்டு இருக்கான். பாதின்னு சொன்னா நாளைக்கே தோண்டுவான். யாருக்குத் தெரியப்போவுது? பறவ வந்து சாட்சி சொல்லுமா?"

"உன்னப் பத்திச் சொல்லிச்சே."

அவள் காப்பியை ஊற்றி அவர் முன்னால் வைத்தாள், கொஞ்சம் பலமாகவே வைத்தாள். "நான் கடத்தினவ. எனக்குக் கூச்சமில்ல. அந்தச் சேறு போயிடுச்சின்னா நீங்க என்ன பண்ணுவீங்க? சொல்லுங்க. ஞாயித்துக்கெழம பலகையைத் தூக்கிக்கிட்டு எங்க போவீங்க?"

"தெரியல" என்றார் ஒக்கோ. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவருக்கு அழுகை வந்தது. காப்பி சூடு என்று சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆனா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க என்னால ஆவாது காப்பிக்காரி. முப்பது வருசம் அடுத்தவன் பையத் தொறக்கச் சொல்லிட்டேன். என் பைய நான் தொறக்கணும்."

"போங்க, தொறங்க," என்றாள் அவள். "நான் கூட வர மாட்டேன்."

குழு எங்கள் ஊர்ச் சாராயக்கடையின் பின்கூடத்தில் கூடியது. நீள மேசைக்கு ஒரு பக்கம் நம் அதிகாரிகள் நான்கு பேர், மறுபக்கம் ஹாலந்து அதிகாரிகள் மூன்று பேர். துறைமுகத்து இன்ஜினியர் ஹாகெமன் ஒரு நீளக் குச்சியோடு படத்துக்கு முன் நின்றார். ஊரே சுவரோரம் நின்றது. ஹாகெமன் கெட்டவர் இல்லை. நாலு எழுத்து படித்தவர்களுக்கு வரும் வியாதி அவருக்கும் இருந்தது, தாளில் இருப்பதுதான் ஊர் என்று நினைப்பார்.

"கணக்கைப் பார்த்தோம்," என்றார். "நல்ல செய்தி. ரெண்டு கரையிலயும் ஏறக்குறைய சரிபாதி பறவை இருக்கு. நாங்க தொடப்போறது இந்தப் பாதிய மட்டும். அந்தப் பாதி அப்படியே இருக்கும். இங்க இருக்கற ஆறாயிரமும் கொஞ்சம் தள்ளி அங்க போய்ச் சேர்ந்துக்கும். அவ்வளவு பெரிய எடம், இருக்கறவங்களோட சேந்து இருந்துட்டுப் போவுதுங்க."

கூடத்தில் ஒரு முனகல் எழுந்தது. பன்னிரண்டாயிரம் என்று நாற்காலி மேல் ஏற்றிவைத்த அதே கணக்கை அவர் தனக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டிருந்தார். ஒக்கோ எழுந்தார். சுங்கச் சீருடையில் வந்திருந்தார். இதற்கு அதைத்தான் போட வேண்டும் என்று காலையில் பித்தானையெல்லாம் துடைத்திருந்தார்.

"அந்தக் கணக்கு தப்பு," என்றார். "நான்தான் தப்புப் பண்ணேன். ஒரே கூட்டத்த ரெண்டு தடவ எண்ணிட்டோம். மொத்தமே ஆறாயிரம்தான்."

பிறகு கடிகாரக் கதையை அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஹாலந்து அதிகாரி ஒருவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். ஒக்கோ காது வரை சிவந்து நின்றார். கதவோரம் ஃபென்னா மட்டும் சிரிக்கவில்லை.

ஹாகெமன் கையை உயர்த்தினார். "நேர்மையா சொன்னதுக்கு நன்றி, திரு. ஹைக்கென். அப்போ பறவை பாதிதான். எங்க வேல இன்னும் சுலபம்."

"சுலபமா?" என்று ஒரு குரல் வந்தது.

வர மாட்டேன் என்று சொன்ன ரூல்ஃபீன் கதவுக்குள் நின்றுகொண்டிருந்தாள். மாவு படிந்த உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"இன்ஜினியர் அய்யா, ஒரு சந்தேகம். இங்க இருக்கற ஆறாயிரமும் எங்க போய்ச் சேந்துக்கும்னு சொன்னீங்க?"

"உங்க பக்கத்துக்கு. அங்க இருக்கறதோட."

"அங்க இருக்கறது எது? அதுவும் இதுதானே? இப்பதானே ஏட்டையா சொன்னாரு, ஒரே கூட்டம்னு. இங்க இருக்கறத அங்க போகச் சொல்றீங்க, அது ஏற்கனவே தெனம் ரெண்டு தடவ அங்கதான் வருது. அப்புறம் இன்னும் எங்க போகும்?"

ஹாகெமன் குச்சியைத் தாழ்த்தினார். "அப்போ ரொம்ப நல்லதாச்சு. ஏற்கனவே பழகின எடம். அங்கயே இருந்துக்கட்டும்."

ஒக்கோ அப்போதுதான் நிமிர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். வெட்கம் போய், சேற்றில் காதை வைத்துப் படுத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை முகம் வந்திருந்தது. சட்டைப்பையிலிருந்து இரண்டு படிவங்களையும் எடுத்தார்.

"அந்த அலகு ஒடிஞ்ச பறவை," என்றார் மெதுவாக. "ஒம்பது மணிக்கு என்னோட பக்கம் என்ன பண்ணிச்சி? நான் எழுதியிருக்கேன்: மேயுது. பத்து மணிக்கு இவ பக்கம்? இவ எழுதியிருக்கா: தூங்குது." அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஃபென்னா, அந்தச் சாஸரு..."

ஃபென்னா கைப்பையைத் திறந்து ரோஜாப்பூச் சாஸரை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவள் ஏன் அதைக் கொண்டுவந்தாள் என்று இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

"இந்தச் சாஸர் அளவு சேத்துல, எங்க பக்கம் முந்நூத்திப் பன்னெண்டு இறா வளை. இவங்க பக்கம் புல்லோரத்துல ஒம்பது. இங்க சாப்பாடு, அங்க படுக்கை. நீங்க சாப்பாட்டுத் தட்ட மூடிட்டு, படுக்கை பத்திரமா இருக்குன்னு சொல்றீங்க. எந்த வீட்டுல அது நடக்கும்?"

கூடத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிய ஹாலந்து அதிகாரி அதை மறுபடி மாட்டிக்கொண்டு, சாஸரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ எங்க பறவையும் உங்க சேத்தத்தான் சாப்பிடுதா?" என்றார்.

"உங்க பறவைன்னு ஒண்ணு இல்லீங்க" என்றாள் ரூல்ஃபீன். "எனக்கும் அது முந்தாநாள் வரைக்கும் தெரியாது."

அன்று முடிவு எடுக்கவில்லை. அடுத்த பெரிய ஓதத்துக்கு எல்லோரும் நேரில் போய்ப் பார்ப்பது, ஒரு வருடம் எண்ணுவது, அதுவரை மண்வெட்டி எடுக்கக்கூடாது என்று எழுதிக்கொண்டார்கள்.

ஹாகெமன் சொன்ன சொல் தவறாமல் வந்தார், நகரத்துக் காலணியோடு. கரையிலிருந்து நாலு அடி இறங்கியதும் ஒரு காலணியைச் சேறு வாங்கிக்கொண்டது. அதைத் திருப்பித் தரவேயில்லை. ஒக்கோ அவரைப் பலகையில் உட்காரவைத்து ஓடைவரை தள்ளிக்கொண்டு போனார். போகும்போது பழக்கதோஷத்தில் ரயில் சத்தமும் போட்டார். அங்கே இருவரும் ஆளுக்கொரு பக்கம் காதைச் சேற்றில் வைத்துக் கொஞ்ச நேரம் படுத்திருந்தார்கள். பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது. கரைக்கு வந்து நின்றார்கள். மேய்ந்துகொண்டிருந்த கூட்டம் அடி அடியாகப் பின்வாங்கி, ஒரே சமயத்தில் எழும்பி, கறுப்பும் வெள்ளையுமாகத் திரும்பி, யாருக்கும் கோடு தெரியாத அந்தத் தண்ணீரின் மேலே பறந்து அக்கரையில் இறங்கியது. ஹாகெமன் ஒற்றைக் காலுறையோடு அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு பறந்துபோக?" என்றார்.

"நாலு நிமிசம்" என்றார் ஒக்கோ.

"நாலு நிமிசம்" என்று ஹாகெமன் திரும்பச் சொன்னார். பிறகு, "அந்த இறாலுங்க ராத்திரியும் சத்தம் போடுமா?" என்று கேட்டார். ஒக்கோவுக்கு அவரை அப்போதுதான் பிடித்துப்போனது.

அக்கரையில் எண்ணிவிட்டு ரூல்ஃபீன் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். இந்தத் தடவை மரக்குச்சிவேலியின் தலையைத் தண்ணீர் தொட்டபோது எண்ணினார்கள், படிவத்தில் நேரம் என்ற கட்டத்தில் அதையே எழுதினார்கள். ஆறாயிரத்து இருநூற்றுப் பத்து. கரைக்கு ஒன்றாக இரண்டு தாள் கொடுத்திருந்தார்கள். ஒக்கோ ஒன்றைக் கிழித்துப் போட்டார். மிச்சமிருந்த ஒரே தாளில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக்கொண்டு வந்தவர் ஒரு இடத்தில் பேனாவை நிறுத்தினார். "நாடு" என்று ஒரு கட்டம். முப்பது வருடம் காப்பிக்கும் வெண்ணெய்க்கும் புகையிலைக்கும் அவர் யோசிக்காமல் நிரப்பிய கட்டம் அது.

"என்ன ஏட்டையா, மறந்துபோச்சா?" என்றாள் ரூல்ஃபீன்.

ஒக்கோ தன் நேரான சுங்கக்கார எழுத்தில் "சேறு" என்று எழுதி, தாளை ஹாகெமனிடம் நீட்டினார். ஹாகெமன் அதைப் படித்தார். காலணி இருந்த ஒற்றைக் காலில் நின்றபடியே, முட்டிமேல் வைத்துச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.